பென்சில் வட்டம்

சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தபின் பெயிண்டருக்கு உயரம் ஏறும் பிழைப்பு போயிற்று. பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை கைக்கெட்டிய தூரத்தில் நின்றது. பள்ளி திறக்க இரண்டு மாதம். போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. வந்த சான்றிதழிலோ, 'திருட்டு வழக்கில் கைரேகை பதிவாகியுள்ளது' என்று போட்டிருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன் அவர் வர்ணம் அடித்த வீட்டில் நகை திருட்டுப் போனது. வீட்டு ஆட்கள், வேலையாட்கள் ரேகைகளைக் கழித்தால் மிஞ்சுவது திருடனுடையது என்று சொல்லித்தான் போலீஸார் அவரிடம் பத்து விரலையும் கேட்டார்கள். அவரும் பெரிய மனுஷனாகக் கொடுத்தார். திருடன் பிடிபட்டான்.

"உங்கள யாரு முந்திக்கிட்டு கைய நீட்டச் சொன்னது?" என்றாள் மனைவி.

கைரேகைப் பிரிவு குமாஸ்தா கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

"மெஷின் சொல்லுது. அதுக்கு உங்க மேல என்ன பகை?"

"உங்களுக்கு ஒத்தாசையா குடுத்த ரேகைங்க அது. அந்தக் கார்டை எடுத்துப் பாருங்க."

"கார்டெல்லாம் ஸ்கேன் பண்ணி எரிச்சாச்சு. இப்ப எல்லாம் நவீனம்."

நவீனத்தின் லட்சணம் பிறகுதான் வெளிவந்தது. குற்றமற்றவர்களின் கார்டு மூலையில் பென்சிலால் வட்டம் போடுவது அந்த ஆபீஸ் பழக்கம். வழக்கு முடிந்ததும் கிழித்துப்போட வேண்டிய கார்டுகள் அவை. கிழிக்கச் சோம்பல்பட்டவர்கள், கட்டோடு ஸ்கேனரில் திணித்தார்கள். மங்கிய பென்சில் அதில் விழவில்லை; வட்டம் போட்டவர்களும் குற்றவாளிகள் பட்டியலில் ஏறிவிட்டார்கள். நகையைப் பறிகொடுத்த அம்மாள்கூடத் திருடியாகிவிட்டாள். அந்த அம்மாள் விசா கேட்டுப்போய் மாட்டிக்கொண்டு, மேலதிகாரி வரை கத்தித் தீர்த்தாள். அவள் கத்தலுக்கு நாற்காலி போட்டார்கள். பெயிண்டர் கத்தியபோது கழுத்தைப் பிடித்துத் தள்ளியவர்கள்தான்.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள் குமாஸ்தா ஒரு தாளை விட்டெறிந்தான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. பெயிண்டர் அதை எடுத்துக்கொண்டு, நொண்டியபடியே பள்ளிக்கு ஓடினார்.

தலைமையாசிரியை வாய்விட்டுப் படித்தார்: "மேற்படி நபரின் பெயர் குற்றவாளிகள் பட்டியலிலிருந்து இன்று நீக்கப்பட்டது."

தாளை மடித்து அவரிடமே திருப்பித் தந்தார்.

"அப்ப நேத்து வரைக்கும் இருந்திருக்கீங்க. சின்னக் குழந்தைங்க ஏறுற வண்டி. தப்பா நினைக்காதீங்க."