தலைமாட்டுப் பலகை

ஐப்பசி மழையில் என் பேஸ் கிட்டார் வாயைப் பிளந்துகொண்டது. நானே செய்த கிட்டார். பாண்டிச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த கழுத்தை, ஒட்டுப்பலகைகளைச் சேர்த்து ஒட்டிய உடலில் பூட்டியிருந்தேன். ஈரத்தில் பசை விட்டுப்போய் அந்த உடல் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. கழுத்தும் கம்பிகளும் நன்றாகத்தான் இருந்தன. உடல் மட்டும் புதிதாக வேண்டும். தை பிறந்தால் கல்யாணக் கச்சேரிகள் வந்துவிடும்.

ஆன்லைனில் பார்த்தேன். ஆனை விலை, குதிரை விலை. பின்னால் நின்று என் போனை எட்டிப் பார்த்த அம்மா, "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்றாள். அப்பா போன பிறகு அவள் செய்த முதல் கேலி அது. அதற்காகவே இன்னும் விலை கூடியதாகச் சிலவற்றைக் காட்டினேன்.

மறுநாள் திருநள்ளாறு சாலையில் இருக்கும் மரவாடிக்குப் போனேன். மாம்பலகை மலிவு, ஆனால் பூச்சி அரிக்கும். வேம்பின் கனத்துக்குத் தோள் இறங்கிவிடும். பூவரசு கைக்கு அடக்கமான விலையில் இருந்தது. ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, காதைக் கிட்டே வைத்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். தட்டத் தட்ட முதுகு சில்லிட்டது. அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடிப் பழகிய வீடு எங்களுடையது.

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போனது, வலது கையும் போனது. இடது கையால் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைத் தட்டித்தான் கூப்பிடுவார். இரண்டு தட்டு. "இதோ வர்றேங்க" என்று அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாள். ஆடியில் அவர் இறந்தார். சத்தம் மட்டும் போகவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் தகரத்தைத் தட்டினால்கூட நான் திரும்பிப் பார்த்தேன்.

செத்தவர் படுத்த கட்டிலை வீட்டில் வைக்கக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிடு என்று உறவுக்காரர்கள் வந்து போகும்போதெல்லாம் சொன்னார்கள். அவர்கள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். மெத்தை, துணிமணி எல்லாவற்றையும் அம்மா கொடுத்தாள். கட்டிலை மட்டும் கொடுக்கவில்லை. அது வெறும் கட்டிலாகப் பின்னறையில் கிடந்தது.

மரவாடியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய என்னிடம் அம்மாவே சொன்னாள்: "எதுக்குடா காசைக் கொட்டுற? கட்டிலோட தலைமாட்டுப் பலகைய எடுத்துக்க. பழைய தேக்கு. சும்மாத்தானே கெடக்கு."

தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பலகை அருமையானது. ஒன்றரை அங்குலக் கனம், வெடிப்பே இல்லை, செலவும் இல்லை. யாரோ ஒருவர் வீட்டுக்குப் போவதைவிட என் மடியில் இருக்கட்டுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பென்சிலால் அதன் மேல் கிட்டார் உருவத்தை வரைந்தேன். ரம்பத்தை எடுக்குமுன், மரவாடியில் செய்த பழக்கத்தில், விரல் முட்டியால் தட்டினேன். இரண்டு தட்டு.

"இதோ வர்றேங்க!"

அம்மா தண்ணீர் டம்ளரோடு வந்துவிட்டாள். நிலைப்படியில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, கட்டிலைத்தான் பார்த்தாள். பிறகு டம்ளரைத் தலைமாட்டில், வழக்கமான இடத்தில் வைத்தாள்.

"அறுக்குறதா இருந்தா நான் கோயிலுக்குப் போனப்புறம் அறுடா."

நான் ரம்பத்தைத் தொடவேயில்லை. சாயங்காலமே போய்ப் பூவரசு வாங்கிவிட்டேன்.

பூவரசு கிட்டார் நன்றாகவே பேசுகிறது. தையில் கல்யாணங்களுக்கு வாசித்தாயிற்று. தேக்குப் பலகையில் பென்சில் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

போன வாரம் ஒரு மத்தியானம் முன்னறையில் வாசித்துக்கொண்டிருந்தேன். பின்னறையில் சத்தம். இரண்டு தட்டு. கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினேன். மறுபடியும் இரண்டு தட்டு. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

போய்ப் பார்த்தால் அம்மா. வெறும் கட்டிலில் அப்பா படுத்த மாதிரியே படுத்துக்கொண்டு, இடது கையைத் தலைக்கு மேலே நீட்டித் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா. இங்கேருந்து தட்டுனா எப்படி இருக்கும்னு பாத்தேன்." கையை இறக்காமலே சொன்னாள்: "ஆளு வர்ற வரைக்கும் ரொம்ப நேரமா இருக்கு. நான் ஓடித்தானேடா வந்தேன்?"

"ஓடித்தாம்மா வந்தே" என்றேன்.