கம்பம் ஏறாமல் இருக்க ஒரு ஃபர்ம்வேர்

கிருஷ்ணப்ரியாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தோசை வார்க்கும்போதே கை அடுத்த வேலைக்குப் பரபரக்கும், தோசை கருகும். நன்றாக ஓடுகிற மின்விசிறியைக்கூட, ஏன் ஓடுகிறது என்று கழற்றிப் பார்க்கிற பிறவி. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ காத்திருப்பதற்கென்றே ஏற்பட்டது.

கோவில்பட்டியில் அப்துல் ரவூபின் கம்ப்யூட்டர் கடை. கீழே விற்பனை, மாடியில் நிரல் எழுதுகிற இவள். சுற்றியுள்ள ஊர்களின் இன்டர்நெட் மையங்களுக்கு ரவூப் வயர் இல்லாமல் இணைப்புக் கொடுத்துவந்தார். ஊருக்கு ஓர் உயர்ந்த இரும்புக் கம்பம், அதன் உச்சியில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ரவுட்டர் போர்டு. அந்தக் கம்பங்களில் ஏறி இறங்குகிறவன் செல்வக்குமார். கிருஷ்ணப்ரியாவின் கணவன்.

அந்தப் போர்டுகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று நடப்பதையெல்லாம் தன் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். இருப்பதோ துளியூண்டு இடம். அது நிரம்பியதும் மூச்சுமுட்டி நின்றுவிடும். கீழே சுவிட்சை அணைத்துப் போட்டாலும் பலனில்லை. யாராவது மேலே போய்ப் போர்டைக் கழற்றி வந்து, கேபிள் செருகி, எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப மாட்ட வேண்டும்.

போன ஆடியில் அப்படி ஏறியபோது இடுப்பு பெல்ட்டின் கொக்கி நழுவி, செல்வக்குமார் ஒற்றைக் கையில் தொங்கியிருக்கிறான். வீட்டில் வந்து, "காத்து கொஞ்சம் பலம்" என்றதோடு சரி. மிச்சத்தை ரவூப்தான் பேச்சுவாக்கில் உளறினார். அன்று பிடித்தது இவளுக்கு இந்த வெறி. அடுத்த ஆடிக் காற்று கிளம்புவதற்குள் அவன் கம்பம் ஏறுகிற வேலையே இல்லாமல் செய்துவிட வேண்டும். எழுதுவதையெல்லாம் ஃபிளாஷில் எழுதாமல், அணைத்தால் அழிந்துபோகிற தற்காலிக நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் ஒரு புதிய ஃபர்ம்வேர், அதாவது போர்டை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள், வேண்டும்.

சொல்வது சுலபம். காலையில் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டால், ஒவ்வொரு நிரலாகப் போர்டின் பாஷைக்கு மாற்றி, எல்லாவற்றையும் இமேஜ் என்கிற ஒரே கோப்பாகக் கட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகும். அது 2008, மின்வெட்டு வருஷம். கரண்டு இருந்த நேரத்தைச் சொல்வதுதான் சுலபம். யு.பி.எஸ். கத்திக் கத்தி ஓய்ந்ததும் கம்ப்யூட்டர் படுத்துவிடும், மறுபடி துவக்க வேண்டும். ஒருவழியாகக் கட்டி முடித்தால், இமேஜ் ஃபிளாஷைவிட ஒரு பிடி பெரிதாக இருந்தது. அதை எடு, இதை எடு என்று கழித்துக்கட்டி மறுபடி துவக்கினாள். அது ஓடுகிற நேரமெல்லாம் இவள் மாடிக்கும் கீழுக்கும் ஓடினாள்.

"ஏம்மா, படிக்கட்டு தேஞ்சிரும்மா. செத்த உக்காரு" என்றார் ரவூப்.

"உக்காந்தா எனக்கு நெஞ்சு படபடங்குது பாய்."

கடைசியில் இமேஜ் அடங்கியது. மேசையில் வைத்திருந்த போர்டில் ஏற்றிப் பார்த்தாள். ஜம்மென்று ஓடியது. நேரில் போய் ஒவ்வொரு ஊராக மாட்டிக்கொள்ளலாம், அவசரமில்லை என்றார் ரவூப். ஆனால் நேரில் மாட்டுவதென்றால் மறுபடி செல்வக்குமார்தானே ஏற வேண்டும்? வெளியே புழுதிக் காற்று தொடங்கிவிட்டது. கோவில்பட்டியில் கரண்டு வந்ததும் வராததுமாக, யாரிடமும் சொல்லாமல், மாடியில் இருந்தபடியே எப்போதும்வென்றான் ஊர்க் கம்பத்துக்கு இமேஜை அனுப்பினாள்.

பாதியில் பதில் நின்றது. கம்ப்யூட்டரில் இருந்து போர்டை அழைத்துப் பார்த்தாள், மறுபடி மறுபடி அழைத்தாள். ஒன்றுமில்லை. ஃபிளாஷ் பழசை அழித்துவிட்டுத்தான் புதுசை எழுதும். நடுவில் மின்சாரம் போனால் பழசும் இல்லை, புதுசும் இல்லை, போர்டு வெறும் தகடு.

அங்கே இன்டர்நெட் மையம் வைத்திருந்த வேல்சாமிக்குப் போன் போட்டாள்.

"கரண்டு போகலியேம்மா. த்ரீ பேஸ் முடிஞ்சி சிங்கிள் பேஸ் மாத்துனாம்லா, அப்பம் ஒரு வெட்டு வெட்டும். கடை லைன்ல வோல்டேஜ் பத்தலன்னு உங்க பெட்டிய நம்ம கெணத்து மோட்டார் லைன்லல்லா மாட்டிருக்கேன்."

கிராமத்தில் மோட்டாருக்கான த்ரீ பேஸ் நேரம் முடிந்து லைன் மாறும்போது ஒரு நொடி கரண்டு வெட்டும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கோவில்பட்டி கரண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இவளுக்கு அது தோன்றவே இல்லை. யாரை ஏறவிடக் கூடாதென்று இத்தனை பாடுபட்டாளோ, அவனையே ஆடிக் காற்றில் ஏற்றிவிடப் போகிறாள். தன் அவசரப் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

"அதுக்கென்ன, ஏறுதேன்" என்றான் செல்வக்குமார்.

"நானும் வாரேன்" என்று, புது இமேஜ் ஏற்றிய போர்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டாள்.

கரிசல் காடு முழுக்கக் காற்று. வேல்சாமி கடைக்குப் பின்னால் கம்பத்தின் இழுகம்பிகள் விர்ரென்று கத்தின. செல்வக்குமார் பெல்ட்டைக் கட்ட ஆரம்பித்தான். கொக்கி வளையத்தில் விழவில்லை. திரும்ப முயன்றான், விழவில்லை. அப்போதுதான் அவன் கைகளை அவள் பார்த்தாள். இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"என்னங்க இது?"

அவன் கொக்கியோடு மல்லுக்கட்டினான். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அன்னிலருந்து இப்பிடித்தான். ஒவ்வொரு தடவையும் கீழ ரொம்ப நேரம் நின்னுட்டுத்தான் ஏறுதேன். உங்கிட்ட எப்பிடிச் சொல்ல?"

அவளுக்கு ஒரு வருஷம் பக்கத்திலேயே படுத்திருந்தும் தெரியவில்லை. பெல்ட்டை அவனிடமிருந்து பிடுங்கித் தன் சுடிதாருக்கு மேல் கட்டிக்கொண்டாள். வேல்சாமி, "தாயி, விழுந்து கிழுந்து வச்சிராத, வேண்டாம்" என்று பதறினார். செல்வக்குமார் கொக்கியை இழுத்துப் பார்த்தான், இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தான், காப்புக் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

பாதிக் கம்பத்தில் இரும்பு ஆடியது, அவளும் ஆடினாள். கண்ணில் மண் விழுந்தது. உச்சியில் திருகாணியைக் கழற்றுவதற்குள் அழுதேவிட்டாள், அதை யாரும் பார்க்கவில்லை. செத்த போர்டை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினாள். விளக்கு எரிந்தது. கீழே வேல்சாமி, "வந்துட்டு, நெட்டு வந்துட்டு!" என்று கத்தினார்.

இறங்கி வந்து மண்ணில் உட்கார்ந்தாள். செல்வக்குமார் பெல்ட்டை அவிழ்த்துவிட்டான். மற்ற ஊர்ப் போர்டுகளை இனி தூரத்தில் இருந்து மாற்றத் துணிய முடியாது. நேரில் ஏறித்தான் மாட்ட வேண்டும்.

"நாளைக்கு விளாத்திகுளம் கம்பம். அதுலயும் நாந்தான் ஏறுவேன்" என்றாள், அவன் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்து.

அவன் பெல்ட்டைச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்தான். அவ்வளவு பயந்துபோயிருந்தான் மனுஷன்.