வரத்துக்காலில் அய்யாவின் மூட்டம்

“பஸ்ஸு போர்டு படிக்கத் தெரிஞ்சாப் போதுமா? ஊருணிக்கு ஒரு குடம் தண்ணி கொண்டாரட்டும். அப்பப் பாப்போம் இவுக மெம்பரு வேலைய.”

நான் வார்டு மெம்பராக ஜெயித்த மறுநாள், அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டீக்கடை பெஞ்சிலிருந்து என் மாமா சொன்னது இது. மாமா என்றால் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். முந்தைய பஞ்சாயத்தில் எங்கள் வார்டுக்கு அவர்தான் மெம்பர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, டீ ஆற்றுகிறவரைப் பார்த்துச் சொன்னார். ஆனால் என் காதில் விழ வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னார். நானும் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

பேச்சு குத்தலாக இருந்ததே தவிர, அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊரில் போர் போட்ட இடமெல்லாம் உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது. தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நாராகிவிடும். குடிக்கவும் உலை வைக்கவும் ஊருணித் தண்ணீர் ஒன்றுதான். ஐப்பசி கார்த்திகை மழையில் அது நிரம்பினால் கோடை வரை தாங்கும். ஆனால் நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்திலிருந்து அது நிரம்பியதே இல்லை. முழங்கால் அளவு தேங்கும், தை பிறந்ததும் சேறாகிவிடும். அதன்பிறகு பெண்கள் எல்லோரும் பக்கத்து ஊர்த் தோட்டத்துக் கிணற்றுக்கு நடப்போம். திருச்சுழியில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகப் பையை வாசலில் போட்டுவிட்டு, அதே கையால் குடத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். பன்னிரண்டாவது பரீட்சைக்குப் பாதிப் பாடத்தை அந்த ஒற்றையடிப் பாதையில் முணுமுணுத்துத்தான் மனப்பாடம் செய்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அய்யா, அதாவது என் அப்பா, கரி மூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல விறகை வெட்டி, கூம்பு மாதிரி அடுக்கி, வைக்கோல் போட்டு, மேலே ஈரமண் பூசி மூடி, உள்ளே தீ வைப்பார். அது நாட்கணக்கில் புகைந்து புகைந்து கரியாகும். தீ வைத்த மூட்டத்தை ஆறும்வரை யாரும் தொடக்கூடாது. இடையில் பிரித்தால் காற்றுப் புகுந்து அத்தனை விறகும் சாம்பலாகிவிடும். எங்கள் பக்கத்தில் பகையாளிகூட எரிகிற மூட்டத்தில் கைவைக்க மாட்டான். அந்தக் கரிதான் என்னைப் படிக்க வைத்தது. அய்யா பள்ளிக்கூடத்துக்கு வந்து எனக்காகக் கைநாட்டு வைத்தபோது, மை தடவ வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும், நடுங்காமல் கையெழுத்துப் போடக்கூடிய பெண் யார் என்று தேடினார்கள். அப்படித்தான் என்னை நிறுத்தினார்கள். ஜெயித்தபின் என்னை யாரும் தேடவில்லை. முதல் கூட்டத்துக்கு அழைக்க வந்தவர் வாசலில் நின்று, “மெம்பரு வீட்டு ஆம்பளைய வரச் சொன்னாக” என்றார். அய்யாவும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

“என்ன பேசுனாகய்யா?” என்று கேட்டேன்.

“டீ குடுத்தாக. வடை குடுத்தாக. பெறகு என்னமோ பேசுனாக. நாலு பேரு தலையாட்டுனாக, நானும் ஆட்டிட்டு வந்தேன்.”

“எதுக்குன்னு தெரியாமயா ஆட்டுனீக?”

அய்யா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அடுத்த முறை ஆள் வந்தபோது இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. “மெம்பரு உள்ள இருக்கு. அதக் கூப்பிடுங்க” என்றார். வந்தவர் சிரித்தார். அய்யா சிரிக்கவில்லை. நான் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது எடுத்த தாவணியைவிட நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு வடை எனக்குக் கிடைத்தது.

மழை பெய்தும் ஊருணி ஏன் நிரம்பவில்லை என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாளாக மனதில் இருந்தது. ஒருநாள் காலையில் ஊருணியின் வாயிலிருந்து வடக்கே, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியாகவே நடந்தேன். வரத்துக்கால் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கருவேலம் அடைத்திருந்தது. ஒருவர் குப்பை கொட்டியிருந்தார். ஒருவர் ஆட்டுப் பட்டி போட்டிருந்தார். மாமாவின் வைக்கோல் படப்பு, யானை படுத்த மாதிரி குறுக்கே கிடந்தது. அதற்கும் வடக்கே, சரியாக வாய்க்கால் நடுவில், பாதி அடுக்கிய அய்யாவின் மூட்டம்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இரண்டு வருஷம் மழை பொய்த்தபோது, தண்ணீர் வராத இடம்தானே என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை வைத்தார்கள். பிறகு மழை வந்தும் தண்ணீர் வரவில்லை. எல்லோரும் வானத்தைத் திட்டினார்கள்.

இதை நான் கூட்டத்தில் சொன்னபோது பஞ்சாயத்துத் தலைவர் மறுக்கவில்லை. “வாஸ்தவந்தாம்மா. ஆனா யூனியன்ல இருந்து வேலை வந்தாத்தான் வெட்ட முடியும்” என்றார். நரிக்குடிக்கு பஸ் ஏறி யூனியன் ஆபீசில் கேட்டேன். அடுத்த வருஷத் திட்டத்தில் பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். புரட்டாசி பாதி போயிருந்தது. அடுத்த வருஷம் என்றால் இன்னொரு கோடை முழுவதும் தோட்டத்துக் கிணறுதான்.

அதனால் அடுத்த கூட்டத்தில், முன்பு செய்ததுபோல் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நாமே வெட்டலாம் என்றேன். மாமா மெம்பர் இல்லை என்றாலும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்து ஜன்னலோரம் உட்காருவார். அவரை யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை.

“ஆளுக்கு எங்க போவ மருமகளே?” என்றார். “பாதித் தலைக்கட்டு திருப்பூர்லயும் சிவகாசிலயும் கெடக்கு. ஊர்ல மிச்சம் இருக்கறது என்னைய மாதிரி கெழடு கட்டைக.”

எங்கள் ஊரில் பொதுவேலைக்கு ஆள் எண்ணும்போது தலைக்கட்டைத்தான் எண்ணுவார்கள். தலைக்கட்டு என்றால் குடும்பம் உள்ள ஆண். புருஷன் வெளியூரில் இருந்தால் அந்த வீட்டை எண்ணுவதில்லை, புருஷன் செத்துப்போயிருந்தாலும் எண்ணுவதில்லை. உள்ளே ஒருத்தி அடுப்பு மூட்டிக்கொண்டுதான் இருப்பாள்.

“பொம்பளைக இருக்கமே மாமா” என்றேன்.

“பொம்பளைக மம்பட்டி புடிச்சா வரத்துக்கா வெட்ட முடியும்? வரப்புத்தான் வெட்டலாம்.”

“கூலிக்கு வெட்டுறப்ப மட்டும் முடியுதாக்கும்?”

யாரோ சிரித்துவிட்டார்கள். மாமாவுக்கு முகம் சுருங்கியது. மெதுவாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சரித்தா. ஊர் வேலைய ஒன் வீட்ல இருந்து ஆரம்பி. நடுக்கால்ல நிக்கிற ஒங்க அய்யா மூட்டத்த மொதல்ல எடுக்கச் சொல்லு. அது எடுத்த மறு நிமிசம் ஏம் படப்ப எடுத்துர்றேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “எடுப்பாரு” என்றேன். அய்யாவிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அய்யா அந்த மூட்டத்துக்குத் தீ வைப்பதாக இருந்தார். வைத்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. அது ஆறுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். எங்கள் மூட்டத்தைச் சாக்காக வைத்து ஒருவர் விடாமல் எல்லோரும் சும்மா இருந்துகொள்வார்கள். ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராக வரத்துக்காலுக்கு ஓடினேன். நல்ல சேலை முழுவதும் நெருஞ்சி முள்.

மூட்டம் முழுக்க மூடியிருந்தது. அய்யா மண்பூச்சில் கடைசி வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் தண்ணீர் ஊற்றி மண் குழைத்துக்கொண்டிருந்தாள்.

“தீ வைக்காதீகய்யா. இதப் பிரிச்சு எடுக்கணும்” என்றேன்.

அம்மாதான் முதலில் கத்தினாள். “ஏண்டி, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? வெட்டி, செமந்து, அடுக்கி, கையெல்லாம் முள்ளு. நீ வந்து பிரின்னா பிரிக்கணுமா?”

நான் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். மாமா சொன்னதையும் சொன்னேன். அய்யா கேட்டுக்கொண்டே கையிலிருந்த மண்ணை உருட்டினார்.

“மெம்பரா கேக்கியா, மகளா கேக்கியா?”

“மெம்பராத்தான்.”

“அப்ப மனு எழுதிக் குடு.”

“குடுத்தா நீங்க படிப்பீகளாக்கும்?”

“நீதான் படிச்சிருக்கியே. நீயே வாசிச்சுக் காட்டு.”

அம்மா அழுகையோடு சிரித்தாள். பிறகு இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். அய்யா கடப்பாரையை எடுத்து, தானே பூசிய மண்ணில் தானே குத்தினார். பொழுது இறங்கும்வரை மூன்று பேரும் விறகைத் தூக்கி, கிழக்கே மேட்டில் போட்டோம். புதிதாக அடுக்க அவருக்கு இன்னும் ஒரு வாரம் ஆகும். மாமா உட்காரும் டீக்கடையிலிருந்து பார்த்தால் அந்த மேடு தெரியும். விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அய்யா அந்தப் பக்கமே திரும்பாமல் நடந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் தலைவர் ஊர் சாட்டச் சம்மதித்தார். “வீட்டுக்கு ஒரு ஆளு, ஆம்பளையானாலும் பொம்பளையானாலும்” என்று தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சாட்டினார்கள். கிழக்குத் தெரு மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரும் அதையே வாசித்தார். எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. விடியும்போது போய்ப் பார்த்தால், தோட்டத்துக் கிணற்றுக்குப் போகும் வரிசை அப்படியே திசை மாறி வந்த மாதிரி இருந்தது. குடத்துக்குப் பதிலாகக் கூடை. இதுவரை எந்தக் கணக்கிலும் வராத வீடுகளிலிருந்து முதல் ஆளாக வந்திருந்தார்கள். ஆண்களும் வந்தார்கள், கொஞ்சம் தாமதமாக. அய்யா வந்தபோது அம்மா அவருக்கு முன்பே இறங்கி வெட்டிக்கொண்டிருந்தாள். “வீட்டுக்கு ஒரு ஆளுதானே, நான் போகவா?” என்றார் அய்யா. “பேசாம வெட்டுங்க” என்றாள்.

படப்பு மட்டும் அசையவில்லை. மாமா வரவும் இல்லை. மேலிருந்து வெட்டிக்கொண்டு வந்தவர்கள் படப்பின் ஒரு பக்கத்தில் நின்றார்கள். கீழிருந்து வந்தவர்கள் மறுபக்கத்தில் நின்றார்கள். எல்லோரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். அடுத்தவர் வைக்கோலில் கைவைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னால் அது சண்டையாகும், சண்டை மழைவரை போகும்.

அப்போது ஒரு கூடையைத் தூர எறிந்துவிட்டு என் அத்தை முன்னால் வந்தாள். மாமாவின் மனைவி. காலையிலிருந்து எங்களோடுதான் மண் சுமந்துகொண்டிருந்தாள். நேராகப் போய்ப் படப்பில் ஒரு கட்டு வைக்கோலை உருவினாள்.

“அத்தே, மாமா…” என்றேன்.

“மாமாவா தெனமும் தண்ணிக்கு நடக்காரு? குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்து குடிக்கத்தானே செய்யறாரு? புடிங்கடி எல்லாரும்!”

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் யானை எழுந்து, கட்டுக்கட்டாக அவர்கள் வீட்டுக் கொல்லைக்கே நடந்து போய்விட்டது. மாமா கொல்லையில் நின்று, “நனையாம வைங்கத்தா, இந்தப் பக்கம் வைங்க” என்று இடம் காட்டிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். வேறு என்ன செய்வார்.

ஐப்பசியில் மழை வந்தது. எங்கள் ஊரில் வரத்துக்காலின் முதல் தண்ணீரை ஊருணிக்குள் விடமாட்டோம். ஆட்டுப் புழுக்கையும் சருகும் அடித்துக்கொண்டு வரும் என்பதால், வாயில் மண் அணைத்து அதைப் புஞ்சைப் பக்கம் திருப்பிவிடுவோம். நிறம் தெளிந்த பிறகுதான் அணையை வெட்டி உள்ளே விடுவது. அந்த முதல் வெட்டை ஊர்ப் பெரியவர் வெட்டுவது வழக்கம். நாங்கள் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றோம். தண்ணீர் கறுப்பிலிருந்து செம்மண் நிறமாகி, பிறகு டீத்தண்ணி மாதிரி வந்தது. ஊர்ப் பெரியவராக மாமா மம்பட்டியோடு நின்றார். என்னைப் பார்த்தார்.

“ஏ மெம்பரு,” என்றார். “என்ன வேடிக்கை பாக்க? வந்து வெட்டு.”

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் வெட்டினேன். மண் விலகியதும் தண்ணீர் என் கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனது.

ஊருணி முக்கால்வாசி நிரம்பியது. இந்தக் கோடையில் வைகாசி வரை எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியும் அந்தத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போகவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் வைகாசிக்குப் பின் மறுபடி நடந்தோம். மிச்சக் கால்வாசித் தண்ணீர் எங்கே நின்றது என்பது எனக்குத் தெரியும். வரத்துக்காலின் மேல்பாகம் பக்கத்து ஊர் எல்லைக்குள் இருக்கிறது. அங்கேயும் படப்பும் பட்டியும் இருக்கின்றன.

போன வாரம் முதல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். அந்த வார்டிலும் ஒரு பெண்தான் மெம்பர். வாசலில் நின்று கூப்பிட்டதும் அவள் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். “நாந்தான். என்ன விசயம்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க” என்றார்.

“மெம்பரப் பாக்கணும்” என்றேன்.

“அதான் நான்…”

“மெம்பரு உள்ள இருப்பாகள்ல? அவுகளக் கூப்பிடுங்க.”

சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அவர்கள் ஊர் வரத்துக்காலில் இறங்கி, மேலே பார்த்து நடக்க ஆரம்பித்தோம்.