எட்டாவது கயிறு

என் அண்ணிக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். மூக்கு நுனியில் வந்து நின்று யோசிக்கிற அளவுக்கு அந்தக் கோபத்துக்குப் பொறுமை கிடையாது. நானும் ஒன்றும் சாந்தசொரூபி இல்லை. ஆனால் என் கோபம் நேரம் கெட்ட நேரத்தில், ஆள் மாறி வரும். அண்ணியின் கோபம் போக வேண்டிய ஆளிடம் நேராகப் போகும். அந்த வித்தியாசத்தைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அண்ணிக்கு மரம் ஏறுவது தொழில். காய் பறிக்க அல்ல. வீட்டுக் கூரைமேல் சாய்ந்த மரம், மின்கம்பியில் உரசும் கிளை, பள்ளிக்கூட வாசலில் பாதி பட்டுப்போய் எப்போது விழுமோ என்று பயமுறுத்தும் அடிமரம், இப்படிப்பட்டவற்றில் கயிற்றில் தொங்கியபடி ஏறி, உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்க வேண்டும். நான் கீழே நிற்பவன். மேலே அவர் கட்டி விடும் துண்டைக் கப்பி வழியாக மெதுவாக இறக்குவது என் வேலை. பதினோரு வருடம் இப்படி ஓடியது. என் அண்ணன் அதே கம்பெனியில் லாரி ஓட்டுகிறான். அவனுக்கு ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் அண்ணி வேலை முடிந்து வரும்வரை எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

கல்யாணத்துக்கு முன் அண்ணி கூடாரம் தைக்கும் தொழிற்சாலையில் இருந்தவர். ஒரு நாள் அண்ணனுக்குச் சாப்பாடு கொடுக்க எங்கள் ஷெட்டுக்கு வந்தார். ஏறத் தயாராக நின்ற ஒருவனின் இடுப்புப் பெல்ட்டில் தையல் விட்டிருந்ததைப் பார்த்துவிட்டார். "இத மாட்டிக்கிட்டு ஏறினா நீ எறங்கமாட்ட, விழுவ" என்று முதலாளியின் முன்னாலேயே கத்தி, அந்தப் பெல்ட்டைக் கழற்ற வைத்த பிறகுதான் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தார். அவர் வாயை அடைப்பதற்காக முதலாளி கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார். வாய் அடைபடவில்லை. இரண்டே வருடத்தில் அவரே மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

கயிறு விஷயத்தில் அண்ணி எமன். ஆளுக்குரிய கயிறு வேறு, மரத்துக்குரிய கயிறு வேறு. இரண்டையும் ஒரே பையில் வைத்தால் அன்று நமக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆள் ஏறும் கயிறுகளை ஷெட் தரையில் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு, முழம் முழமாக விரலில் உருட்டி, வளைத்து, மோந்து பார்ப்பார். உள்ளே நார் அறுந்திருந்தால் அந்த இடம் வளையும்போது சப்பென்று மடியும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. "நம்ம கம்பெனிக்கு மோப்ப நாய் தேவையில்ல" என்று முதலாளி கிண்டலடிப்பார். அண்ணி காதில் வாங்காமல் அடுத்த முழத்துக்குப் போவார். ஒவ்வொரு கயிற்றின் முனையிலும் ஒரு நிறத்தில் நூல் தைத்திருப்பார். எட்டுக் கயிறு, எட்டு நிறம். பூட்டிய அலமாரியில் எட்டுக் கொக்கி. சாவி அவர் இடுப்பில்.

அந்தச் சனிக்கிழமை எட்டாவது கயிற்றைக் கையில் எடுத்தவர் பாதியில் நின்றார். திரும்பவும் மோந்தார்.

"இது லாரில எங்க இருந்துச்சு?"

"சீட்டுக்குப் பின்னாடி அண்ணி."

"அங்க ஸ்பேர் பேட்டரி இருக்குல்ல?"

இருந்தது. பேட்டரியின் அமிலத் தண்ணீர் பட்ட கயிற்றை யாரும் நம்பக்கூடாது. அது கயிற்றை அறுக்காது, நிறத்தைக்கூட மாற்றாது. உள்ளுக்குள்ளேயே அரித்துவிட்டுப் புதுசு போலவே காட்டும். நானும் மோந்து பார்த்தேன். எனக்குக் கயிற்று வாசனை மட்டும்தான் வந்தது. ஒரு முனைப் பக்கம் மட்டும் லேசாக விறைத்திருந்தது.

"அண்ணி, மூணு மாசம்கூட ஆகாத கயிறு."

"மொத்தமும் போச்சு. முழத் துண்டா வெட்டு. நாயக் கட்டக்கூட அது உதவக் கூடாது."

இதுதான் அவருடைய சட்டம். கழித்த கயிறு முழுசாக இருக்கக்கூடாது. முழுசாக இருந்தால் எவனாவது ஒருவன் என்றைக்காவது அதில் தொங்குவான். எனக்கு எரிச்சலாக வந்தது. புத்தம்புதுக் கயிறு, நாற்பது மீட்டருக்கு மேல். விறைத்த பக்கத்தில் தாராளமாக எட்டு மீட்டரை வெட்டி, அதை மட்டும் முழம் முழமாக நறுக்கிக் குவித்தேன். அண்ணி குவியலை எட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிச்சத்தை, லாரியில் கிளைக்கட்டு கட்ட ஆகும் என்று கதவுக்குப் பின்னால் ஆணியில் சாக்குக்கு அடியில் மாட்டினேன். மாட்டும் முன் ஒன்று செய்தேன். வெட்டிய முனை பிரியாமல் இருக்க லைட்டரால் உருக்கி, விரலால் உருட்டி, கறுப்பு டேப் சுற்றி அழகாக முடித்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, வெறும் பழக்க தோஷம். கயிற்று முனையை நார் நாராக விட்டுவைக்க என் கைக்கு வராது.

பத்து நாள் கழித்து நானும் அண்ணியும் தூரத்து வேலைக்குப் போயிருந்தோம். ஒரு கடைக்கூரை மேல் கிளை முறிந்து தொங்குகிறது, உடனே ஆள் வேண்டும் என்று கம்பெனிக்குப் போன் வந்தது. முதலாளி அணிலை அனுப்பினார். அணில் எங்கள் கம்பெனியின் இன்னொரு ஏறுகாரன். முப்பது வயது, ஒல்லி உடம்பு, மரத்தில் கால் வைத்தது தெரியாமல் மேலே போய்விடுவான், அதனால் அந்தப் பெயர். அலமாரி பூட்டியிருக்கிறது, அக்கா வரட்டும் என்று சொல்லியிருக்கிறான். "அவ வர்ற வரைக்கும் கடைக்காரன் காத்திருப்பானா? ஷெட்ல ஏதாவது கயிறு கிடக்கும், எடுத்துட்டுப் போ" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அவன் தேடியிருக்கிறான். கதவுக்குப் பின்னால் ஒரு நல்ல கயிறு, முனை ஒழுங்காக உருக்கி டேப் சுற்றியது. எங்கள் கைவேலை என்று பார்த்தவுடன் நம்பியிருப்பான். வேறு எதைப் பார்த்து நம்ப வேண்டும்?

இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தான். இடுப்பு எலும்பும் இடது காலும் முறிந்தன. பிழைத்தான். அன்று காலையில் நடந்தது எதுவுமே அவன் நினைவில் இல்லை. அவனோடு கீழே நின்ற ஆள் கடைக்குள்ளே கடைக்காரனோடு பேசிக்கொண்டிருந்தானாம், சத்தம் கேட்டுத்தான் வெளியே ஓடி வந்தானாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முதலாளி காரில் வந்து கயிற்றைச் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் காலை அண்ணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். மேசையில் டைப் அடித்த ஒரு தாள். வெள்ளிக்கிழமை பாதுகாப்பு அதிகாரி விசாரணைக்கு வருகிறார், கருவிப் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும் என்றார். அண்ணி தாளை உரக்கப் படித்தார். கயிறும் கருவிகளும் நல்ல நிலையில் இருந்தன. ஏறியவர் சுற்றுமுடிச்சில் ஒரு சுற்றுக் குறைவாகப் போட்டதால் முடிச்சு வழுக்கி விபத்து நேர்ந்தது.

சுற்றுமுடிச்சு என்பது ஏறுகயிற்றைச் சுற்றிப் போடும் சின்னக் கயிற்று முடிச்சு. உடம்புப் பாரம் விழுந்தால் இறுக்கிப் பிடிக்கும், கையால் அழுத்தினால் நகரும். ஏறுபவனின் உயிர் அதில்தான் இருக்கிறது. அதை ஒழுங்காகப் போடத் தெரியாதவன் என்று அதிகாரி எழுதிவிட்டால் அணிலின் ஏறும் உரிமம் ரத்து. எலும்பு கூடினாலும் எந்தக் கம்பெனியும் அவனை மரத்தடியில்கூட நிறுத்தாது.

"கயிறு எங்க?" என்றார் அண்ணி.

"ரத்தமா இருந்துச்சும்மா. எரிச்சாச்சு."

"கயிறப் பாக்காம நான் எப்படி நல்ல நிலைல இருந்துச்சுன்னு கையெழுத்துப் போடுறது?"

"நம்ம கயிறுதானே? நீதானே பாத்து வச்ச?"

"என் கயிறு ஏழு. ஏழும் கொக்கியில தொங்குது. இப்பத்தான் எண்ணிட்டு வர்றேன். அப்ப அவன் எதுல ஏறினான்?"

முதலாளி பேனாவை மூடித் திறந்தார். "எதுல ஏறினா என்ன? முடிச்சு நிக்கல, விழுந்தான். சும்மா வளவளன்னு பேசாத."

"பேசுவேன். என் சாவிக்குக்கூடக் காத்திருக்காம ஒரு ஆள அனுப்பிட்டு, அவன் கை மேல பழியப் போடுறீங்க. வெக்கமா இல்ல?"

தாளைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தார். நான் கதவோரம் மரம் மாதிரி நின்றிருந்தேன். எதில் ஏறினான் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். காலையில் வந்தவுடனே கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சாக்கு கீழே கிடந்தது, ஆணி காலி. முடிச்சுதான் வழுக்கியது என்றால் கயிற்றை எரிக்க வேண்டிய அவசியம் முதலாளிக்கு இல்லை, அது அறுந்திருக்கிறது.

லாரி ஏறும்போது அண்ணி கேட்டார். "அந்த எட்டாவத நீ வெட்டிட்டதானே?"

"வெட்டிட்டேன் அண்ணி."

"சரி."

அவ்வளவுதான். கயிற்றை முழம் முழமாகச் சந்தேகப்படுகிற மனுஷி என் ஒரு வார்த்தையை அப்படியே வாங்கிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திருடன் மாதிரி கயிற்றைத் தூக்கிப் போன முதலாளி மேல், முனையைப் பார்த்து ஏமாந்த அணில் மேல், நாலு கேள்வி கேட்டு என்னைக் குடையாத அண்ணி மேல், எல்லோர் மேலும் ஆத்திரம். யார் மேல் வரவேண்டுமோ அவனை மட்டும் விட்டுவிட்டு ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன். முதலாளியின் பொய் எனக்குக் குடை பிடிக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. கையெழுத்து ஆகிவிட்டால் நான் தப்பித்தேன். அதை நினைத்து ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் என்னை நானே காறித் துப்புகிறேன்.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், அண்ணியும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆறு கட்டில் போட்ட நீள அறை. ஜன்னலோரக் கட்டிலில் அணில், இடது கால் தூக்கிக் கட்டியிருந்தது. பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் இரும்புக் கம்பம். அந்தக் கம்பத்தில் கட்டுத்துணியைக் கிழித்து முறுக்கிய நாடாவால் அவன் சுற்றுமுடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். போட்டான், இழுத்தான், அவிழ்த்தான், திரும்பப் போட்டான். "காலைலேருந்து இதே வேலைதான், ஊசி போடக்கூடக் கையக் குடுக்கமாட்டேங்குறாரு" என்று நர்ஸ் அலுத்துக்கொண்டு போனார்.

"அக்கா, நல்லவேள வந்தீங்க" என்றான். "இதப் பாருங்க. மேல நாலு, கீழ ரெண்டு. இப்படித்தானே எப்பவும் போடுவேன்? முதலாளி வந்தாரு. மேல மூணுதான் போட்டிருந்தேங்குறாரு. எனக்கு அன்னிக்கு எதுவுமே ஞாபகம் இல்லக்கா. எங்க கை தப்புச்சுன்னு தெரியல."

அண்ணி முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். "தப்பில்லடா. உன் முடிச்சுல எப்பவும் தப்பிருந்ததில்ல."

"சும்மா என் மனசுக்காகச் சொல்லாதீங்க. முடிச்சு சரின்னா நான் ஏன் இங்க கெடக்குறேன்?"

அண்ணி முடிச்சிலிருந்து கையை எடுத்தார். அணில் திரும்பவும் நாடாவை அவிழ்த்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே சுற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சுற்றில் விரல் நின்றது. தன் கையையே யாரோ ஒருவனுடைய கை போலப் பார்த்தான். பதினைந்து வருடமாக அவனை மரத்தில் பிடித்து வைத்த கை அது.

"முடிச்சு நின்னுச்சு" என்றேன். "கயிறுதான் அறுந்துச்சு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணி வெட்டச் சொன்ன கயிறு. பேட்டரித் தண்ணி பட்டது. நான் வெட்டல. கொஞ்சம் வெட்டிட்டு மிச்சத்த வச்சிருந்தேன். முனைய நான்தான் உருக்கினேன், டேப் நான்தான் சுத்தினேன். கதவுக்குப் பின்னாடி நான்தான் மாட்டினேன்."

அணில் கையிலிருந்த நாடாவை விட்டான். பிறகு, "இன்னொரு தடவ சொல்லு" என்றான்.

"கயிறு நான்தான்..."

"அது இல்ல. மொதல்ல சொன்னத."

"முடிச்சு நின்னுச்சு."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் அதில் அழுகை இல்லை. "வெளிய போ" என்றான் என்னிடம். குரல் உயரவேயில்லை. "என் கண்ணு முன்னாடி நிக்காத. போயிடு."

நான் வாசலுக்குப் போனேன். பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "அவன் மட்டும் இல்லடா. வெட்டின துண்டுகள நான் எண்ணிப் பாக்கல. நாப்பது மீட்டர் கயிறுக்கு அந்தக் குவியல் பத்தாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எட்டிப் பாத்துட்டுப் போயிட்டேன். என்னையும் திட்டு."

"நீங்களும் போங்கக்கா."

அண்ணி வெளியே வந்தார். நடைபாதை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பளாரென்று ஒரு அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பையிலிருந்து முதலாளி கொடுத்த தாளை எடுத்து, மடிப்பை நீவி, எழுதாத பின்பக்கத்தைத் திருப்பி என் மடியில் வைத்தார். பேனாவை நீட்டினார்.

"எழுது. நாளைக்கு அந்த ஆபீசர் கையில இத நான் குடுக்கணும். நீயும் போடு, நானும் போடுறேன் கையெழுத்து. நம்ம ரெண்டு பேரையும் வேலைய விட்டுத் தூக்கட்டும்."

எனக்குக் கை ஓடவில்லை. பேட்டரியிலிருந்து தொடங்குவதா, முதலாளி கயிற்றை எடுத்துப் போனதைச் சொல்வதா, நான் அண்ணியிடம் சொன்ன பொய்யைச் சொல்வதா? "எதுலேருந்து அண்ணி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அறைக்குள் அணில் நர்ஸைக் கூப்பிட்டு ஊசிக்குக் கையை நீட்டுவது கதவிடுக்கில் தெரிந்தது.

"அவன் முடிச்சு சரியா இருந்துச்சுன்னு மொதல்ல எழுது" என்றார் அண்ணி. "மத்ததெல்லாம் அதுக்குக் கீழ."