ஓர் அத்தை இறங்க வேண்டும்

“மொத்தம் எத்தினி பேரு சார் வண்டில போவீங்க?”

குழந்தையின் எடையைக் கேட்பதற்கு முன், கார் என்ன கார் என்று கேட்பதற்கு முன், எந்த நிறம் வேண்டும் என்று கேட்பதற்கு வெகு முன்பாக மெர்சி இதைக் கேட்டுவிடுவார். வந்தவர் சிரித்துக்கொண்டே விரல் விட்டு எண்ணுவார். நான், மிஸஸ், அம்மா, அப்பா, அக்கா. ஐந்து பேர் உட்காரும் காரில் ஐந்து பேர், மடியில் குழந்தை. நேற்றுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மெர்சி தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததைக் கேட்பார்: “சரி, இந்த சீட்ட வெச்சா இதுல யாரு எறங்குவாங்க?”

வந்தவரின் சிரிப்பு அங்கே நின்றுவிடும்.

காக்ஸ் டவுனில் சிவசங்கரனின் குழந்தைச் சாமான் கடையில், தொட்டில்களையும் தள்ளுவண்டிகளையும் தாண்டிப் போனால் கடைக்கோடியில் கார் சீட்டுகள். பதினோரு வருடமாக அந்த மூலை மெர்சியின் ராஜ்யம். இந்த ஊரில் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்தால் போதும், பஸ்ஸில் இடம் கிடைக்கும், வாடகைக்கு வீடு கிடைக்கும், கல்யாணப் பந்தியில் கடைசி நாற்காலி கிடைக்கும். கார் சீட்டுக்கு மட்டும் அந்த வார்த்தை புரிவதில்லை. ஓர் ஆள் இடத்தை முழுசாக எடுத்துக்கொள்ளும். நகர்ந்து உட்காராது. மடியில் இன்னொருவரை வைத்துக்கொள்ளாது. ஆகவே யாராவது ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இறங்குவது பெரும்பாலும் ஓர் அத்தை. இதை மெர்சி எத்தனையோ முறை பார்த்துவிட்டார். அதிலும் பாவம், அந்த அத்தைதான் கடைக்கு வந்து முக்கால் மணி நேரம் நின்று, ரோஸா நீலமா என்று ஆசை ஆசையாகப் பொறுக்கியிருப்பார். தன்னை இறக்கிவிடப் போகும் சீட்டைத் தானே தடவிக் கொடுத்து, “இது நல்லா மெத்து மெத்துன்னு இருக்கு, இதையே எடுங்க” என்பார்.

அழகுக்கு மெர்சி விரோதி அல்ல. தலையில் குத்தும் கிளிப்பிலிருந்து செருப்பு வார் வரை ஒரே நிறத்தில் போட்டுக்கொண்டு வருகிறவர் அப்படி இருக்க முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு என்பது அவர் கட்சி. பாண்டா காது வைத்த சீட்டுதான் வேண்டும் என்று ஒரு தாய் அடம் பிடித்தபோது, “காது அழகாத்தான் இருக்கு மேடம், எங்கயும் ஓடிப்போவாது. மொதல்ல பெல்ட்டு பாப்பாவோட தோள்ல சரியா உக்காருதான்னு பாப்போம்” என்றார். கோப்பை வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்டவரிடம், மூன்று மாசக் குழந்தை காபியா டீயா என்று விசாரித்தார். தன் வண்டி இருக்கையின் தோலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, இதே நிறம் வேண்டும் என்று ஒருவர் நின்றார். “சார், பாப்பா பின்பக்கம் பாத்து உக்காரும். அது பாக்கப் போறது உங்க வண்டி சீட்ட. அதுல நீங்க ஓட்ட போட்டுட்டு வந்திருக்கீங்க” என்றார் மெர்சி.

இந்தப் பின்பக்கம் பார்ப்பதில்தான் அதிகம் தகராறு. எதிரில் வருவதைப் பார்க்காமல் போனதைப் பார்த்துக்கொண்டு போவது நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. கழுத்து இன்னும் நிற்காத குழந்தை, வண்டி சட்டென்று நின்றால் அதன் முதுகைச் சீட்டு தாங்கும் என்று மெர்சி பொறுமையாகச் சொல்வார். ஒருவர் வாஸ்துவையே கொண்டுவந்தார். குழந்தை கிழக்கே பார்த்துத்தான் உட்கார வேண்டுமாம்.

“அதுக்கென்ன சார், வண்டிய மேற்கால ஓட்டுனா பாப்பா கெழக்கதான் பாக்கும். மைசூர் ரோட்டுல தாராளமா போங்க. கோலார் பக்கம் மட்டும் போவாதீங்க.”

“திரும்பி வரப்போ?”

“ரிவர்ஸ்லயே வாங்க சார்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார் என்பதுதான் வேடிக்கை.

மற்ற கடைகளில் பொம்மையை உட்காரவைத்துக் காட்டுவார்கள். மெர்சிக்குப் பொம்மை ஆகாது. பெல்ட் தளர்ந்திருந்தாலும் பொம்மை விறைப்பாக உட்கார்ந்து எல்லாம் சரி என்று பொய் சொல்லும். அவர் வைத்திருப்பது ஐந்து கிலோ ராகி மாவு. துணிப்பையில் கட்டி, மஞ்சள் ஸ்வெட்டர் மாட்டி, குல்லாய் போட்டு வைத்திருக்கிறார். பெயர் சின்னப்பா. பெல்ட் கொஞ்சம் தளர்ந்தால் போதும், சின்னப்பா நிஜக் குழந்தை மாதிரியே சரிந்து ஒரு பக்கம் தொங்குவான். “பாத்தீங்களா, சொல்றான் பாருங்க” என்பார் மெர்சி. மாதம் ஒரு முறை வண்டு வைப்பதற்குள் மாவை மாற்ற வேண்டும். பழைய சின்னப்பாவை முதலாளி சிவசங்கரன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் களி கிண்டிவிடுவார்.

இப்படி ஊரில் உள்ள அத்தைகளை எல்லாம் இறக்கிவிட்ட மெர்சி, போன வருடம் தானே ஓர் அத்தை ஆனார்.

தங்கவயலில் சுரங்கத்தை மூடியபோது ஆஸ்டின் டவுனுக்கு வந்த குடும்பம். அப்பா, அம்மா போனபின் மெர்சியும் தம்பி பிரசன்னாவும்தான். மெர்சி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்கும் அவன் மனைவி ஆஷாவுக்கும் ஒன்பது வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டே நாள் பார்த்தார். பிறகு ஆஷாவின் அம்மா அன்னம்மாள், முறைப்படி தாயையும் பிள்ளையையும் அத்திபெலேக்குக் கூட்டிப் போய்விட்டார். மூன்றாம் மாதம் பாப்பா வீட்டுக்கு வரும். அந்த முதல் பயணத்தில் தானும் வண்டிக்குள் இருக்க வேண்டும். அந்த வருடம் மெர்சிக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான்.

பாப்பா அத்திபெலே போன அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, சாப்பிடும்போது பிரசன்னா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.

“நான் ஓட்டுறேன். ஆஷா. ஆஷா அம்மா. ஆஷா அக்கா லீனா. அவங்க ரெண்டு பேரும் கூட வந்து விட்டுட்டுப் போறதுதான் முறை, வோணாம்னு சொல்ல முடியாது. அப்புறம் சீட்டு…” என்று சொல்லிவிட்டு, மடங்கிய ஐந்து விரல்களையும் பார்த்து, அக்காவையும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ஒரு நாளுதானேக்கா. சீட்டு வோணாம். அத்திபெலேலருந்து வீடு வரிக்கும் பாப்பா உன் மடிலயே வரட்டும். யாரும் எறங்க வோணாம்.”

கெட்டிக்காரப் பயல். எங்கே தட்டினால் மெர்சி விழுவார் என்று தெரிந்து தட்டினான். முப்பது கிலோமீட்டருக்கு மேல், மடியில். மெர்சி ரசத்தை இரண்டு முறை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம். மெர்சி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சின்னப்பாவைத் தூக்கிக்கொண்டு சரக்கு அறைக்குள் போனார். அங்கே இருந்த சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து அவனை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். கனம் சுகமாக இருந்தது. கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்துச் சிவசங்கரன் கதவைத் திறந்தார்.

“இன்னாம்மா மெர்சி, சின்னப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?”

மெர்சி திடுக்கிட்டுக் காலை உதைத்தார். நாற்காலி ஓர் அடி ஓடிச் சுவரில் முட்டி நின்றது. அவ்வளவுதான், சின்னப்பா கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து வெடித்தான். அறை முழுக்க ராகி மாவு. முதலாளியின் மீசையிலும் கொஞ்சம்.

ஓர் அடிக்கே இந்தக் கதி. மெர்சி துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார். மாவை முறத்தில் வாரிக்கொண்டே முடிவு செய்துவிட்டார். சீட்டு உண்டு. மடி கிடையாது. அப்படியானால் இறங்க வேண்டியவர் யார் என்பதிலும் சந்தேகம் இல்லை. கடை மூடுகிற நேரத்தில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பதினோரு வருடத்தில் எந்தக் குடும்பமும் ஒரே ஓர் ஆளை மட்டும் இறக்கியதே இல்லை. ஓட்டுகிறவரை.

மதியழகனின் டிரைவிங் ஸ்கூலில் அடுத்த நாளே சேர்ந்தார். முதல் வகுப்பில் வண்டி நகரவில்லை. மதியழகன் தன் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தார், பெல்ட் போடவில்லை என்று வண்டி மணி அடிக்காமல் இருப்பதற்காக.

“அதை எடுத்து முன்னால போடுங்க சார்.”

“மேடம், நான் இருபது வருசமா ஓட்டுறேன்.”

“இருபது வருசமா தப்பா போட்டிருக்கீங்க. முறுக்கிட்டிருக்கு பாருங்க. தோள்ல தட்டையா வரணும். இன்னும் கொஞ்சம் கீழ. மூச்ச விடுங்க.”

இருபது நிமிடம் ஆனது. பாடம் யார் யாருக்கு எடுக்கிறார்கள் என்று மதியழகனுக்கே கடைசிவரை விளங்கவில்லை. முதல் டெஸ்டில் தோற்று, இரண்டாவதில் லைசென்ஸ் வாங்கினார். பிறகு ஞாயிறுதோறும் தம்பியின் காரில், பக்கத்தில் தம்பியும் பின்னால் சீட்டில் புதிய சின்னப்பாவுமாகப் பழகினார். ஒருநாள் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் மெதுவாகப் போகிற வண்டியை நிறுத்தினார். கத்த வாயெடுத்தவர், பின் சீட்டில் குல்லாயைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டு, குழந்தை தூங்குகிறதா என்று கன்னடத்தில் கிசுகிசுத்தார். “ஹௌது சார்” என்று மெர்சியும் ஆமாம் போட்டுக் கிசுகிசுத்தார். போலீஸ்காரர் ஓசைப்படாமல் கையைக் காட்டி அனுப்பிவைத்தார்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு மெர்சி தம்பியிடம் சொன்னார். “நான் ஓட்டுறேன். நீ எறங்கிக்க.”

“அக்கா, நான் பாப்பாவோட அப்பா!”

“தெரியும்டா. அதனாலதான் உங்கிட்ட கேக்குறேன். வேற யாருகிட்ட உரிமையா கேக்க முடியும்?”

பிரசன்னா ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டான்.

அத்திபெலேயில் அன்னம்மாள் பாப்பாவைப் பட்டுப் போர்வையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மெர்சி பொட்டலத்தைப் பிரித்தார். குழந்தையைச் சீட்டில் கிடத்தி, பெல்ட்டைப் போட்டு, கிள்ளினால் மடிப்பு வராத அளவுக்கு இழுத்து, அதன் மேல் போர்வையைப் போர்த்தினார். அன்னம்மாளுக்குத் தாங்கவில்லை.

“கொழந்தைய கட்டிப்போட்டா கூட்டிட்டுப் போவாங்க? அது இன்னாம்மா குத்தம் பண்ணுச்சு?”

“ஒரு குத்தமும் பண்ணல அத்தை. ரோட்டுல போறவங்க பண்ணுவாங்க. நீங்களும் பெல்ட்ட போடுங்க.”

வண்டி கிளம்பியது. முன்னால் அன்னம்மாள், பின்னால் ஆஷாவும் லீனாவும், இடது ஓரம் சீட்டில் பாப்பா. மெர்சி முப்பதுக்கு மேல் போகவில்லை. லாரிகள் தாண்டின, பஸ்கள் தாண்டின, இளநீர் ஏற்றிய சைக்கிள் ஒன்று கொஞ்ச தூரம் சரிக்குச் சமமாக வந்தது. அந்த வேகத்தில் ஸ்கூட்டர் ஆட்டம் காட்டியதால் பிரசன்னா முன்னால் போய் மரத்தடிகளில் நின்று நின்று வந்தான்.

பொம்மசந்திராவைத் தாண்டியபோதுதான் மெர்சிக்குத் தன் முட்டாள்தனம் புரிந்தது. ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணாடியில் தெரிவதெல்லாம் சீட்டின் முதுகு மட்டும். உள்ளே இருந்தும் பாப்பா அவருக்கு இல்லை.

“ஐயோ, சிரிக்குது பாரு!” என்றார் லீனா.

“சிரிச்சிதா? யாரப் பாத்து?”

“சும்மாதான் அண்ணி” என்றாள் ஆஷா. “இப்ப ஒதட்ட சுழிக்குது.”

“எந்தப் பக்கமா?”

“எடது பக்கமா.”

மெர்சி ரோட்டைப் பார்த்துக்கொண்டே தன் உதட்டை இடது பக்கம் சுழித்துப் பார்த்தார்.

சில்க் போர்டு சிக்னலில் சிவப்பு விழுந்தது. எப்படியும் மூன்று நிமிடம். மெர்சி கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், சரியாக விழுந்ததா என்று இன்னொரு முறை இழுத்தார். பிறகு முன்னால் பார்த்தபடியே இடது கையைப் பின்னால் நீட்டினார். கை சீட்டின் விளிம்பைத் தொட்டது, துழாவியது. ஆஷா அந்தக் கையைப் பிடித்து உள்ளே இறக்கிவிட்டாள். என்னவோ ஈரமாக, குண்டூசித் தலை அளவு நகங்களோடு, அவருடைய சுண்டுவிரலைச் சுற்றி இறுகியது.

மூன்று நிமிடம் எங்கே போனது என்று தெரியவில்லை. பச்சை விழுந்தது.

பின்னால் ஓர் ஆட்டோ ஹார்ன் அடித்தது. அதன் பின்னால் ஒரு பஸ். அதன் பின்னால் ஓசூர் ரோடு முழுவதும். பிரசன்னா ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்து, பாதி திறந்திருந்த ஜன்னலில் தலையை நுழைக்காத குறையாகக் கத்தினான்.

“அக்கா! பச்சக்கா! பச்ச விழுந்துடிச்சி!”

மெர்சி அவன் பக்கம் திரும்பவில்லை. இடது கையை அசைக்காமல், வலது கையால் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார்.