அஸருக்குப் பின் புறப்படும் கப்பல்

நான் கல்முனைக்குடியைச் சேர்ந்த மருத்துவத்தாதி. பெற்றோருடன் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனபோது நடந்தது இது.

ஏடன் துறைமுகத்தில் இரவு வரை நிற்பதாக இருந்த கப்பலின் நேரத்தைக் காலையில் குறைத்துவிட்டார்கள். "அஸர் தொழுததும் கப்பல் வெளிக்கிடும்" என்றார் எங்கள் குழுத் தலைவர். அஸர் பின்னேரத் தொழுகைதானே, அதுவரை நேரமிருக்கிறது என்று நினைத்து, தலைசுற்றலில் கிடந்த உம்மாவைக் கப்பலில் விட்டுவிட்டு, தேசிக்காயும் இஞ்சியும் வாங்க வாப்பாவும் நானும் படகில் கரைக்குப் போனோம்.

நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொன்னதும் வாப்பா பள்ளிவாசலுக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். அவர் ஆறுதலாக, அவசரமில்லாமல் வெளியே வந்தார்.

"அஸரையும் இப்பவே சேத்துத் தொழுதிட்டன் மகள். பயணத்தில இருக்கிறவங்க அப்பிடித் தொழலாமே."

நான் துறைமுகப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "அப்ப கப்பலிலயும் சேத்துத்தானே தொழுதிருப்பாங்க வாப்பா! கப்பல் இப்பவே வெளிக்கிட்டிடுமே!"

"யா அல்லாஹ்! உம்மா தனியத்தானே இருக்கா!"

ஓடிப்போய்ப் படகு பிடித்தோம். ஏணியைத் தூக்க ஆயத்தமான வேளையில் ஏறிவிட்டோம். மேல்தட்டில் நின்ற உம்மாவுக்குத் தலைசுற்றல் பறந்துபோயிருந்தது.

"ஏன் ஓடி வந்தீங்க? நான் ஹஜ்ஜை முடிச்சிட்டு வாற வழியில ரெண்டு பேரையும் ஏத்தியிருப்பனே!"

இப்போதெல்லாம் யார் தொழுகையை வைத்து நேரம் சொன்னாலும், "மணி எத்தனை?" என்று கேட்டுக்கொள்கிறேன். வாப்பாவோ, தான் அன்று சேர்த்துத் தொழுததால்தான் தப்பினோம் என்கிறார். அதையும் மறுக்க முடியவில்லை.