மாவுக் குண்டான்மேல் இருந்த பெட்டி

2025 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன்; வாசலில் இரவு மழையின் ஈரமும் நசுங்கிய வேப்பிலையின் வாசனையும். ஐந்தே முக்காலுக்குச் சமையலறையிலிருந்து அம்மா, "சட்னிக்குப் போட்டுட்டேன், வந்து சுவிட்சத் தட்டுடி" என்று கூப்பிட்டாள். போய் மிக்சியைப் போட்டுவிட்டு வந்து நாட்குறிப்பில் தேதி எழுதினேன். எட்டேகாலுக்கு ஆபீஸ் கிளம்பி மாலை ஐந்தரைக்குத் திரும்பினேன். மறுநாள் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அவளுடைய ரிப்போர்ட்டுகளை அச்செடுத்து வைப்போம் என்று பிரிண்டரின் பொத்தானை அழுத்தினேன். வழக்கமான "கர்ர்" வரவில்லை. பச்சை விளக்கும் எரியவில்லை.

"நான் அந்தப் பக்கமே போவல. என் கை படல" என்றாள் அம்மா அடுத்த அறையிலிருந்து.

டிவி, ஃபிரிட்ஜ், எது நின்றாலும் யாரும் கேட்பதற்கு முன்பே அம்மா சொல்லும் வாக்கியம் இது. எந்த இயந்திரத்தின் சுவிட்சையும் அவள் தொடமாட்டாள். நான் வீட்டில் இல்லாத வருஷங்களில் அப்பா வந்து தட்டினார். அப்பாவும் இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண். இந்தப் பயம் எந்த நாளில் தொடங்கியது என்பதை எனக்குத் திட்டமாகத் தெரியும்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டின் மாடி அறையில் குளிர்காலம்தோறும், ஆசிரமத்துக்கு வரும் மார்த்தா அம்மா என்ற அமெரிக்கப் பெண்மணி தங்குவார். மார்ச்சில் வெயில் ஏறத் தொடங்கியதும் ஊருக்குக் கிளம்பிவிடுவார். 1993இல் கிளம்பும்போது ஒரு சின்ன பிரிண்டரையும், செங்கல்லைவிடக் கனமான ஓர் இரும்புப் பெட்டியையும் எங்களிடம் விட்டுப்போனார். வெளிநாட்டார் விட்டுப்போகும் பொருள்களுக்கென்று எங்கள் வீட்டில் ஒரு பரணே இருந்தது. "ஒரு ஊசி கொறஞ்சாலும் நம்ம பேரு போயிடும்" என்று அம்மா அதைக் கட்டிக் காத்தாள். அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே தூசி தட்டுவது என் வேலை. இரும்புப் பெட்டி மட்டும் பரணேறவில்லை. அது எதற்கு என்று தெரியாததாலும், பூனைத் தொல்லை ஜாஸ்தியாக இருந்ததாலும், அம்மா அதை மாவுக் குண்டானின் மூடிமேல் வைத்துவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், தூசி தட்டிய கையோடு அந்தப் பிரிண்டரைக் கீழே இறக்கினேன். அச்செடுக்கும் ஆசையெல்லாம் இல்லை, கம்ப்யூட்டரும் கிடையாது. மார்த்தா அம்மா பொத்தானை அழுத்தினால் எரியுமே அந்தப் பச்சை விளக்கு, அது என் விரலுக்கும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் தட்டை முனை நம் வீட்டுத் துளைக்குள் போகவில்லை. எப்போதோ தங்கிய யாரோ விட்டுப்போன மாற்று பிளக் பரணில் இருந்ததால் அதைக் கோத்து நேரே சுவரில் செருகினேன். உள்ளே "டப்" என்று மெல்லிய சத்தம். பிறகு, எரிந்த பிளாஸ்டிக் நாற்றம். ஜன்னலைத் திறந்துவிட்டு, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அன்றைய நாட்குறிப்பில் "பரணில் தூசி தட்டினேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நவம்பரில் மார்த்தா அம்மா வந்தார். பிரிண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இரும்புப் பெட்டி எங்கே என்று கேட்டார். அவர்கள் ஊர் மின்சாரம் நம்முடையதில் பாதிதான், அதற்கேற்ப நம் மின்சாரத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மர் அது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா வெட்கத்தோடு குண்டான்மேலிருந்து எடுத்து, காய்ந்த மாவை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். மார்த்தா அம்மா விழுந்து விழுந்து சிரித்தார், அம்மாவும் சிரித்தாள். பெட்டியை இணைத்துப் பொத்தானை அழுத்தியதும் சிரிப்பு நின்றது. விளக்கு எரியவில்லை.

ரேடியோ ரிப்பேர்க்கார பாய் வந்து பிரிண்டரைத் திறந்து பார்த்து, உள்ளே எல்லாம் வெந்துபோயிருக்கிறது என்றார். "அந்தப் பெட்டியில மாவு எறங்கி இப்படி ஆயிருக்குமா பாய்?" என்று அம்மா கேட்டாள். அவர் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, "இருக்கும்மா" என்றார். எனக்கு வாயைத் திறக்க இடம் இருந்தது. நான் சுவரில் இருந்த பிளக் துளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மார்த்தா அம்மா தன் தமிழில் "பரவால்லே, பரவால்லே" என்று பத்துத் தடவையாவது சொன்னார். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடிதங்களைக் கையால் எழுதினார். அம்மாவோ, தன் கைராசி அப்படி என்று முடிவு கட்டிவிட்டாள். மின்னழுத்தம் பற்றிய பாடம் எனக்குப் பள்ளியில் வந்தது. எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதினேன்.

மார்த்தா அம்மா இப்போது இல்லை. பாயின் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். இந்தக் கதையை மட்டும் அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் பழியைத் தன்மேல் போட்டே சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன். முதலில் அதே துளையில் செல்போன் சார்ஜரைச் செருகினேன், ஏறியது. துளையில் கோளாறு இல்லை. பிரிண்டரின் பின்பக்க வயரை உருவி மறுபடி அழுத்திச் செருகினேன்; பயனில்லை. பழைய ரேடியோவின் வயருக்கும் இதே முனைதான் என்பது நினைவுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் அதைத் துணியில் பிடித்துக் கொண்டுவந்து தந்தாள். மாற்றிப் பொத்தானை அழுத்தியதும் "கர்ர்" என்றது, பச்சை எரிந்தது.

"பாத்தியா, நான் தொடாததால பொழச்சிச்சு" என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அம்மா, மார்த்தா அம்மா பிரிண்டரு மாவுல கெடல. அதுக்கு மூணு மாசம் முன்னாடியே அந்தப் பெட்டி இல்லாம நான்தான் செவுத்துல சொருவுனேன். டப்புனு போயிடுச்சு."

அம்மா துணியை நான்காக மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"உனக்கு ஷாக் கீக் அடிக்கலையே?"

"இல்லம்மா."

"வூட்ல யாரும் இல்லாத நேரத்துல." துணியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்போ முப்பது வருஷத்துக்கு மேல என்னைச் சட்னி சட்னினு கூவ வெச்சிருக்க. சொல்றதுக்கு இன்னாடி உனக்கு?"

பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார் என்றேன். வேண்டாம், நாளைக்கு ஆஸ்பத்திரிக் காகிதம் வேணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆறு பக்கங்களையும் நானே அச்செடுத்து உறையில் வைத்தேன்.

மறுநாள் வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன். ஐந்தே முக்கால் ஆயிற்று. ஐந்து ஐம்பதும் ஆயிற்று. அம்மா கூப்பிடவில்லை. சமையலறையில் மிக்சி ஒரு கணம் ஓடி நின்றது. பிறகு தேங்காய் முழுதும் அரைபடும்வரை ஓடியது.

தேதிக்குக் கீழே முதலில் அதைத்தான் எழுதினேன்.